ஆயாவின் மாத்திரையும் தாடையில்லாத மீனும்

கண்டமங்கலத்துல இருக்கற எங்க ஆயாவுக்குக் கண் பிரஷர். டாக்டர் அசெட்டசோலமைடு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரெண்டே நாள்ல புகார்: "விரலெல்லாம் ஊசி குத்துதுடா. சோடா குடிச்சா சப்புன்னு இருக்கு. இந்த மாத்திரையே வேணாம்." நிறுத்தினா பார்வைக்கே ஆபத்து. அதனாலதான் தேட ஆரம்பிச்சேன்.

அந்த மாத்திரை 'கார்பானிக் அன்ஹைட்ரேஸ்'ங்கற நொதியைத் தடுக்குது. கண்ணுக்குள்ள நீர் சுரக்க அந்த நொதி உதவுது. தடுத்தா சுரப்பு குறையும், அழுத்தம் இறங்கும். சோடாவோட சுருக்கை நாக்கு உணர்றதும் இதே நொதியாலதான். டாக்டரும் "பயப்படாதீங்க, நிறுத்தாதீங்க"ன்னார். ஆயா சோடாவை விட்டுட்டு மாத்திரையைத் தொடர்ந்தாங்க.

ஆனா இந்த நொதியோட பெரிய வேலை ரத்தத்துல. கரியமில வாயுவும் தண்ணியும் சேர்ந்து பைகார்பனேட் ஆகணும், நுரையீரல்ல திரும்ப வாயுவாகணும். அங்க ரத்தத்துக்குக் கிடைக்கறது ஒரு செகண்டுக்கும் குறைவு. தானா நடக்கவிட்டா பல செகண்ட் ஆகும். நடுவுல ஒரு துத்தநாக அணுவை வெச்சிருக்கற இந்த நொதி, செகண்டுக்குப் பத்து லட்சம் மூலக்கூறு வரைக்கும் மாத்துது! கேம்பிரிட்ஜ்ல மெல்ட்ரம், ரஃப்டன் ரெண்டு பேரும் 1933-ல இதைப் பத்தி விரிவா எழுதினாங்க.

பயோ-மேத்ஸ் எடுத்தவங்களுக்கு 'குளோரைடு ஷிஃப்ட்' ஞாபகம் இருக்கும். நம்ம சிவப்பணு பைகார்பனேட்டை வெளிய தள்ளி, குளோரைடை உள்ள இழுக்கும். அதுக்குன்னே சவ்வுல ஒரு புரதக் கதவு.

லாம்ப்ரேன்னு ஒரு மீன். பாக்க விலாங்கு மாதிரி, ஆனா தாடையே கிடையாது. வட்டமா உறிஞ்சற வாய். நம்ம மார்க்கெட்ல தேடாதீங்க, குளிர் நாட்டு மீன். அதோட சிவப்பணுவுல நொதி இருக்கு, கதவுதான் கிட்டத்தட்ட இல்ல! அப்போ பைகார்பனேட் எங்க போகும்? எங்கயும் போகாது, பெரும்பாலும் செல்லுக்குள்ளயே தங்கும். ஆக்சிஜனை விட்ட ஹீமோகுளோபின் அங்க உருவாகற அமிலத்தை வாங்கிக்கும். மீதி அமிலத்தைச் செல் வெளிய தள்ளி, பதிலுக்குச் சோடியத்தை எடுத்துக்கும்.

புத்தகங்கள் இதை 'பழமையான' மீன்னு சொல்லுது. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கல. கதவு இல்லாததுல ஒரு வசதியும் இருக்கு பாருங்க. நம்ம நுரையீரல்ல பைகார்பனேட் முதல்ல கதவு வழியா செல்லுக்குள்ள திரும்பணும், அந்த இடத்துலதான் நேரம் போகுது. லாம்ப்ரேயோட செவுள்ல சரக்கு ஏற்கெனவே உள்ளயே, நொதிக்குப் பக்கத்துலயே இருக்கு. வாயுவா மாறி நேரா தண்ணிக்குள்ள போயிடுது.