மூன்று டெனர்களும் ஒரு முல்லைப் பாட்டும்

திருநின்றவூரில் சென்னைக்கு மின்சார ரயில் ஏறினால், ஆவடி தாண்டி அண்ணனூருக்கு அடுத்து வருவது திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகத் தலபுராணம் சொல்லும் ஊர். அந்த முல்லைக்கும் இத்தாலிய ஓபரா பாடுபவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் டெனர் என்றால் என்ன? ஓபராவில் உச்ச ஸ்தாயியில் பாடும் ஆண் குரல். பழைய ஓபரா அரங்குகளில் மைக் கிடையாது. அத்தனை வயலின், டிரம்பெட் சத்தத்தையும் தாண்டி, கடைசி வரிசை ரசிகனுக்குக் குரல் போய்ச் சேரவேண்டும். பல வருடப் பயிற்சி இல்லாமல் இது முடியாது.

1990 ஜூலையில், உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டிக்கு முதல் நாள், ரோம் நகரில் பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்ற மூன்று டெனர்கள் ஒரே மேடையில் பாடினார்கள். ஓபரா பக்கமே போகாதவர்கள்கூட அந்த கேசட்டை வாங்கினார்கள். அன்று இசைக்குழுவை நடத்தியவர் நம் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா! அதே மூவரும் 2001 ஜூனில் பெய்ஜிங் அரண்மனை வளாகத்தில் பாடினார்கள். 2011ல் சீனாவே தன் மூன்று டெனர்களை மேடை ஏற்றியது. டை யூச்சியாங், வெய் சோங், வாரன் மோக். இவர்கள் கச்சேரியில் இத்தாலியப் பாட்டும் வரும், சீனப் பாட்டும் வரும்.

இட்லிக்கு ஜாம் தொட்டுக்கொள்வது மாதிரி இல்லையா இது?

இல்லை. டெனர்களின் பாடல்களிலேயே மிகப் பிரபலமான 'நெஸ்ஸுன் டோர்மா' வருவது புச்சினியின் 'டுராண்டோ' ஓபராவில். 1926ல் மிலான் நகரில் அரங்கேறிய அதன் கதை நடப்பது பெய்ஜிங்கில். புச்சினி சீனாவுக்குப் போனதே இல்லை. ஆனாலும் 'மோ லி ஹுவா' என்ற சீன நாட்டுப்பாடலின் மெட்டை அந்த ஓபராவுக்குள் வைத்தார். 1998ல் அதே ஓபரா பெய்ஜிங் அரண்மனை வளாகத்திலேயே நடந்தது. நடத்தியவர் மறுபடியும் ஜூபின் மேத்தா. ஆக, சீனப் பாட்டு இந்த மேடைக்கு விருந்தாளி இல்லை, ஏற்கெனவே வீட்டு ஆள்தான்.

இப்போது முல்லைக்கு வருவோம். 'மோ லி ஹுவா' என்றால் மல்லிகைப் பூ. 'மோ லி' என்ற சொல்லே வடமொழி 'மல்லிகா'விலிருந்து போனது என்கிறார்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். அந்த மெட்டில் உள்ளவை ஐந்தே சுரங்கள்: ஸ, ரி, க, ப, த. அட, இது நம் மோகனம்! மோகனத்தின் பழந்தமிழ்ப் பெயர் முல்லைப்பண் என்பது தமிழிசை ஆய்வாளர்கள் சொல்வது. மல்லிகைப் பாட்டு முல்லைப் பண்ணில் இருக்கிறது... யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனால் கேட்டவுடன் அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நம் பக்கம் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2005ல் இளையராஜா, மாணிக்கவாசகரின் திருவாசகத்தை புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு கொண்டுவந்தார். 2008ல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்திய குரல் பயிற்சி தருகிறார்கள். ஆனால் திருவாசகத்தை மோகனத்தில் பாடும் ஓதுவாரைக் கேட்க, கோயிலில் எத்தனை பேர் நிற்கிறோம்?

சீனா தன் மல்லிகைப் பாட்டை மறக்கவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுக்கும்போது ஒலித்த இசை, அந்த மெட்டை வைத்துச் செய்ததுதான். அடுத்தவர் பாட்டைக் கற்றுக்கொண்டார்கள், தங்கள் பாட்டையும் அதே மேடையில் ஏற்றினார்கள். வாங்குவதை மட்டும் எழுதி, கொடுப்பதை எழுதாமல் விட்டால் எந்தக் கணக்கும் டேலி ஆகாது.

அடுத்த முறை ரயில் திருமுல்லைவாயிலில் நிற்கும்போது, 'மோ லி ஹுவா'வைக் காதில் ஓடவிட்டுப் பாருங்கள். அந்நியமாக இருக்கிறதா, பக்கத்து வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.