மறுப்பை எழுதிக் கொடுங்கள்

ஜூன் 4

சிறைக்குள் புத்தகம் போவதைப் பற்றி இந்தியாவில் பேசுகிறவர்கள் 1965 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை மறக்கக் கூடாது. தடுப்புக் காவல் கைதியாக பம்பாய் மாவட்டச் சிறையில் இருந்த பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி, அரசின் அனுமதியோடு அணுவின் உள்ளமைப்பைப் பற்றி மராத்தியில் ஓர் அறிவியல் நூல் எழுதினார். அச்சிடக் கொடுப்பதற்காகக் கையெழுத்துப் பிரதியை மனைவிக்கு அனுப்ப அவர் கேட்டபோது மகாராஷ்டிர அரசு மறுத்துவிட்டது. காவல் விதிகள் என்னென்ன சலுகைகளைச் சொல்கின்றனவோ அவை மட்டுமே கைதிக்கு உண்டு, நூல் வெளியிடுவது அவற்றில் இல்லை என்பது அரசின் வாதம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அந்த விதிகள் சலுகைப் பட்டியல் அல்ல, கட்டுப்பாடுகளின் பட்டியல். கட்டுப்படுத்தப்படாத உரிமை கைதியிடமே இருக்கிறது என்று அது சொன்னது. 1981இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் ஒரு படி மேலே போனார். உணவு, உடை, உறைவிடத்தோடு படிக்கவும் எழுதவும் உள்ள வசதியையும் உயிர் வாழும் உரிமைக்குள் சேர்த்தார்.

இவ்வளவு தெளிவாகச் சட்டம் சொல்லியிருக்க, 2022 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் எதைக் கேட்க வேண்டியிருந்தது? நவி மும்பையின் தலோஜா சிறையில் இருந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர் கௌதம் நவ்லகாவுக்குக் குடும்பத்தார் அனுப்பிய பி.ஜி. உட்ஹவுசின் நகைச்சுவைப் புத்தகம் பாதுகாப்புக்கு ஆபத்து என்று திருப்பி அனுப்பப்பட்ட செய்தியை. நீதிபதிகள் வியந்து கண்டித்தார்கள். ஆனால் அந்தக் கைதிக்கு வழக்கறிஞர் இருந்தார், வழக்கு நாடே கவனித்த வழக்கு. வழக்கறிஞரும் பத்திரிகையும் எட்டிப் பார்க்காத ஒரு கிளைச் சிறையில் திருப்பி அனுப்பப்படும் புத்தகத்துக்கு என்ன தடயம் இருக்கும்? என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. தடை இருப்பதைவிட, தடை எழுத்தில் இல்லாமல் இருப்பது பெரிய தீமை என்று நினைக்கிறேன்.

ஜூன் 7

கைதிக்கு வெளியிலிருந்து புத்தகம் போகட்டும் என்றால் உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு. சிறைக்குள்ளேயே நூலகம் இருக்கும்போது வெளியிலிருந்து புத்தகம் எதற்கு? இங்கிலாந்து அரசும் இதையேதான் சொன்னது. 2013 நவம்பரில் நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங் கொண்டுவந்த விதிகளின்படி, கைதிகளுக்கு வீட்டிலிருந்து பார்சல் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. உள்ளாடையும் புத்தகமும் ஒரே விதியில் அடைபட்டன. புத்தகத்தைத் தடை செய்யவில்லை, நூலகத்தில் எடுக்கலாம், சம்பாதித்து வாங்கலாம் என்று அரசு விளக்கியது. 2014 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த விதி புத்தகங்களைப் பொறுத்தவரை சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தது. புத்தகத்தைச் சலுகை என்று அழைப்பதே விசித்திரம் என்று நீதிபதி காலின்ஸ் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு புதிய அமைச்சர் மைக்கேல் கோவ் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்.

நூலகம் வேண்டும், நிறையவே வேண்டும். தமிழ்நாட்டில் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே அரங்கு அமைத்து ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் சிறை நூலகங்களுக்குப் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றது. மனம் நிறையும் காரியம் அது, வளர வேண்டும். ஆனாலும் நூலகத்தில் இருப்பது பிறர் தேர்ந்து வைத்தது. தன் வழக்குக்குத் தேவையான சட்டநூலையோ, பாதியில் விட்ட பட்டப்படிப்பின் பாடநூலையோ, தன் ஊர் எழுத்தாளரின் நாவலையோ கேட்பவருக்கு நூலகத்தின் பொது அலமாரி பதில் சொல்லாது.

ஜூன் 8

அமெரிக்காவைப் பார்க்கிறபோது முதலில் தோன்றுவது கோபம். டெக்சாஸ் மாநிலச் சிறைகளின் தடைப்பட்டியலில் 10,000 தலைப்புகளுக்கு மேல் இருந்தது 2017இல் வெளிவந்தது. ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ நாவலுக்குத் தடை; ஹிட்லரின் ‘மெயின் காம்ஃப்’ நூலுக்கு அனுமதி. நியூ ஜெர்சியில் சில சிறைகள், கறுப்பினத்தவர் பெருமளவில் சிறையில் அடைக்கப்படுவதை ஆராயும் மிஷேல் அலெக்சாண்டரின் ‘தி நியூ ஜிம் க்ரோ’ நூலையே தடை செய்திருந்தன. தகவல் கேட்டுப் பெற்ற குடிமை உரிமை அமைப்பு ஒன்று அதை வெளிப்படுத்தியதும், 2018 ஜனவரியில் அந்தத் தடை விலகியது. இந்தக் கடைசிச் செய்தியில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. பட்டியல் எழுதப்பட்டிருந்தது, ஆகவே கேட்டுப் பெற முடிந்தது, பெற்றதை ஊரறியச் சொல்ல முடிந்தது. டெக்சாஸின் முரண்பாட்டை உலகம் அறிந்ததும் ஏட்டில் அது இருந்ததால்தான். நம் சிறைகளில் எந்தெந்தப் புத்தகங்கள் மறுக்கப்பட்டன என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட என்ன ஏடு இருக்கிறது?

பெயர் சொல்லித் தடுப்பது அங்கேயும் ஒரு பகுதிதான். மீதி வேலையை வழியை அடைக்கும் விதிகள் செய்கின்றன. நியூயார்க் மாநிலம் 2018 தொடக்கத்தில் மூன்று சிறைகளில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. அரசு ஏற்ற சில விற்பனையாளர்களிடம் மட்டுமே எதையும் வாங்கலாம். கைதிகளுக்குப் புத்தகம் அனுப்பும் தன்னார்வலர்கள் அந்த விற்பனையாளர்களின் பட்டியலை எண்ணியபோது மொத்தம் 77 புத்தகங்கள் தேறின. அவற்றில் 24 வண்ணம் தீட்டும் அல்லது வரையும் புத்தகங்கள், 21 புதிர்ப் புத்தகங்கள். எதிர்ப்பு எழுந்த சில நாட்களில் ஆளுநர் திட்டத்தை நிறுத்தினார். மேற்கு வர்ஜீனியாவில் கைதிகளுக்கு இலவசமாகக் கையடக்கக் கணினி கொடுத்துவிட்டு, படிப்பதற்கு நிமிடத்துக்கு 5 சென்ட் (தள்ளுபடியில் 3 சென்ட்) கட்டணம் வைத்தார்கள். அதில் இருந்தவை வெளியே எவரும் காசில்லாமல் படிக்கக்கூடிய, காப்புரிமை முடிந்த பழைய நூல்கள். அங்கே அப்போது சிறை வேலைக்கு மணிக்கு 4 முதல் 58 சென்ட் வரைதான் கூலி. ஒரு புத்தகத்தைக்கூட யாரும் தடை செய்யவில்லை, ஆனால் மெதுவாகப் படிக்கிறவன் கடனாளியாகிறான்.

ஜூன் 12

பாதுகாப்பு என்ற வாதத்தைத் தட்டிக் கழிக்கக் கூடாது. காகிதத்தில் செயற்கைப் போதைப்பொருளைத் தோய்த்து அனுப்புவது உண்மையாக நடக்கிறது. கெட்டி அட்டைக்குள் எதையும் மறைக்கலாம். வெடிபொருள் செய்முறையோ சிறையின் வரைபடமோ உள்ளே போகலாம் என்று யாரும் வாதாடவில்லை. கேள்வி, இந்த ஆபத்தைச் சோதித்துத் தடுப்பதா அல்லது எல்லாவற்றையும் தடுப்பதா என்பதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2018 செப்டம்பரில் இதே காரணத்துக்காக வெளியிலிருந்து புத்தகம் வருவதை நிறுத்தியது. இரண்டே மாதத்தில், புத்தகங்களை ஒரு மையத்தில் பரிசோதித்து அனுப்பும் முறைக்கு மாறியது. நம் 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு, தண்டிக்கப்படாத கைதி உணவு, உடை, படுக்கை, பிற தேவைகளை வெளியிலிருந்து பெறலாம், பரிசோதனைக்கு உட்பட்டு, என்கிறது. துணியைத் தையல் தையலாகத் தடவிப் பார்க்கத் தெரிந்த சிறை வாசலுக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கத் தெரியாதா?

உள்ளடக்கத்தைச் சோதிப்பதில் வேறொரு சிக்கல் உண்டு. தணிக்கை செய்கிறவர் பெரும்பாலும் அட்டையைத்தான் படிக்கிறார். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில், தலைப்பில் ‘சிவப்பு’ என்ற சொல் இருந்தால் குழந்தைக் கதையையும் மறுத்தார்கள், ‘போர்’ என்று இருந்ததால் எச்.ஜி. வெல்சின் அறிவியல் புனைகதைக்கும் இடமில்லை என்று மண்டேலா தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே சிறையில் இந்திய வம்சாவளியினரான சன்னி வெங்கட்ரத்தினம், ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பின் மேல் தீபாவளி வாழ்த்து அட்டைகளின் தெய்வப் படங்களை ஒட்டி, தன் சமயநூல் என்று சொல்லிக் காப்பாற்றினார். மண்டேலா உட்படப் பலர் அதில் தமக்குப் பிடித்த வரிகளின் அருகே கையெழுத்திட்டார்கள். அட்டையைப் பார்த்து எடுத்த முடிவு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. காரணத்தை எழுதச் சொன்னால், எழுதுவதற்காகவாவது உள்ளே இரண்டு பக்கம் படித்தாக வேண்டும்.

ஜூன் 15

குற்றம் செய்தவனுக்கு எதற்கு இந்த வசதி என்ற கேள்வி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் வேதனையிலிருந்து வரும்போது அதை மதிக்கிறேன். ஆனால் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். இவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. தண்டனை பெற்றவருக்கும் நீதிபதி விதித்தது சிறைவாசம். படிக்காமல் இருக்கும் தண்டனையை எந்தத் தீர்ப்பும் விதிப்பதில்லை. சிறை நிர்வாகம் அதைத் தானாகச் சேர்ப்பது, தனக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்வது. 1929இல் லாகூர் சதி வழக்குக் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, நல்ல உணவோடு புத்தகமும் செய்தித்தாளும் அவர்களின் கோரிக்கையில் இருந்தன. ஜதீந்திரநாத் தாஸ் 63ஆம் நாள் உயிர் விட்டார். பிரிட்டிஷ் சிறையிடம் அவர்கள் கேட்டது இன்றைய கைதிக்குக் கருணையாகக் கிடைப்பது எனக்கு வலிக்கிறது.

ஜூன் 16

நடைமுறை பற்றி ஒரு நியாயமான ஐயம் பாக்கி இருக்கிறது. ஊழியர் பற்றாக்குறையில் தவிக்கும் சிறையில், வங்க மொழியிலும் ஒடியாவிலும் வரும் புத்தகத்தை யார் படித்துப் பார்ப்பது? படிக்க ஆளில்லை என்பது புத்தகத்தின் குற்றமல்ல. குறித்த நாட்களுக்குள் காரணம் எழுதப்படாவிட்டால் புத்தகம் கைதியின் கைக்குப் போக வேண்டும் என்று விதி இருந்தால், நேரமின்மையின் சுமை கைதியின் மேல் விழாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளின் விதி இதில் நமக்கு உதவும். 1989இல் தார்ன்பர்க் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சிறைக்குச் சாதகமாகவே தீர்த்தது, அதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த வழக்கில் ஆராயப்பட்ட விதிகளின்படி, கண்காணிப்பாளர் மொத்தத் தடைப்பட்டியல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு வெளியீட்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மறுத்தால் கைதிக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அனுப்பியவருக்கும் பதிப்பாளருக்கும் நகல் போக வேண்டும், அவர்கள் மேல்முறையீடு செய்யலாம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளை வைத்திருக்கும் நிர்வாகம் இதைச் செய்கிறது.

2023இல் மத்திய உள்துறை, 1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தையும் விதிகளையும் எழுதும்போது ஒரு விதியைச் சேர்க்கலாம். புத்தகத்தைத் திருப்பும் அதிகாரி அதன் பெயரையும் ஆட்சேபணைக்குரிய பக்கத்தையும் காரணத்தையும் கையெழுத்தோடு எழுத வேண்டும். ஒரு நகல் சிறைவாசிக்கு, ஒன்று அனுப்பியவருக்கு, ஒன்று மாவட்ட நீதிபதிக்கு. சிறையில் மகனைப் பார்க்க வந்த தாய் அந்தத் தாளோடு ஊர் திரும்பினால், அவள் யாரிடமாவது அதைக் காட்டிக் கேட்க முடியும்.