வேலை எந்த அடுக்கில் இருக்கிறது?

கொங்கு நாட்டில் வேலை என்பது பெரும்பாலும் வாய்வழியாக வந்து சேர்வது. மில்லில் மேஸ்திரியாக இருக்கும் சித்தப்பாவிடமோ, திருப்பூர்க் கம்பெனியில் கணக்கெழுதும் மாமனிடமோ பையனைப் பற்றிச் 'சொல்லி வைப்பார்கள்'. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸின் பஞ்சாலை தொடங்கிய காலந்தொட்டு, மில், பவுண்டரி, பம்புசெட், பனியன் என்று இப்பகுதி விரிந்தபோதெல்லாம் பலரும் இப்படித்தான் வேலைக்குப் போனார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சொல்லி வைக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? எங்களுக்கு அந்த ஆளாக அமைந்தது ஒரு நூலகம்.

கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்ற நால்வர் நாங்கள். நான்கு வீட்டிலும் கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறை. தமிழும் வரலாறும் பொருளியலும் படித்தோம். படித்து என்ன ஆகப் போகிறாய் என்ற கேள்விக்கு, வாத்தியார் வேலை என்பதற்கு அப்பால் எங்களிடம் விடையில்லை. வேலைகளின் பெயர்களே தெரியாதபோது எதற்கென்று ஆசைப்படுவது?

நூலகத்தில் கூட்டத்திற்குக் குறைவில்லை. ஆனால் பலரும் தேர்வு வழிகாட்டிகளைத் தம் பையிலேயே கொண்டுவந்து, மேசையையும் மின்விசிறியையும் மட்டும் இரவல் பெற்றுச் சென்றனர். அடுக்குகள் தம்பாட்டுக்கு நின்றன. அரசுத் தேர்வுக்குப் படிப்பதை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. 1929இல் சென்னை மாகாணத்தில் அமைந்த பணியாளர் தேர்வாணையம் இந்திய மாகாணங்களிலேயே முதலாவது. சிபாரிசு இல்லாதவர்க்கு அது திறந்துவிட்ட வாசல் பெரிது. ஆயினும் அது ஒரு வாசல்தான்.

நாங்கள் முதலில் நாடியது 'எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்'. 1976இல் தொடங்கிய அந்த மத்திய அரசு வார இதழ் ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில் வந்தது, தமிழில் இல்லை. ஆகவே ஒருவர் வாசிக்க, ஒருவர் தமிழில் குறிப்பெழுதுவது என்று ஏற்பாடு. வார இறுதியில் அந்த நோட்டு எங்களோடு பஸ்ஸேறி ஊருக்குப் போகும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக் காத்திருந்த அண்ணன்மாரும் அக்காமாரும் அதைக் கேட்டு வாங்கிப் படித்தனர்.

பின்னர் குறிப்புதவிப் பகுதியில் தேசியத் தொழில் வகைப்பாட்டு நூலின் 1968ஆம் ஆண்டுப் பதிப்பு கைக்குக் கிட்டியது. நாட்டிலுள்ள தொழில்களுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் செய்யப்படுவது என்ன என்று சில வரிகளில் விவரிக்கும் அரசு நூல் அது. (பின்னர் 2004இலும் 2015இலும் திருத்தம் பெற்றது; 2015 பதிப்பில் ஏறத்தாழ 3,600 தொழில்கள் உள்ளன.) சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் குடும்பத்து நண்பர் நெசவுப் பிரிவைத் தேடி எடுத்தார். பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, இழை பிணைப்பது எனத் தம் ஊரில் இரவும் பகலும் நடப்பவை தனித்தனி எண்களோடு அச்சாகியிருப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா செய்யறது வெறும் கூலி வேலைன்னே நெனச்சுட்டு இருந்தனுங்க. இதுக்கெல்லாம் தனித்தனியா பேரு இருக்குது" என்றார். அதே நூலின் வேறு பக்கங்களில் ஜவுளிப் பொறியாளரும் இருந்தார். தறிக்கும் அவருக்கும் இடையே எத்தனை படிகள் என்பதை அன்றுதான் கண்டோம்.

வேலை ஒரே அடுக்கில் இருப்பதில்லை என்பது அடுத்து விளங்கியது. டூயி பகுப்பு முறையில் தொழில் தேர்வு 331.702இல், உழைப்புப் பொருளியலோடு நிற்கும். வேலை தேடும் உத்திகள் 650.14இல். நெசவு 677இல், வேளாண்மை 630இல். இவற்றுக்கிடையே நடந்தால்தான் ஒரு வேலையின் முழு உருவம் தெரியும். எல்லாவற்றிலும் அதிகம் சொன்னவை யாரும் தொடாத ஆய்வேடுகள். பனியன் தொழிலாளரின் கூலி, வேலை நேரம், கடன் என விளம்பரம் சொல்லாதவற்றை அவை அட்டவணையிட்டுக் காட்டின. திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு அழைக்கப்பட்ட எங்களில் ஒருவர் அவற்றை வாசித்துவிட்டுப் போய், ஆர்டர் குறையும் மாதங்களில் சம்பளம் எப்படி என்று நேர்காணலிலேயே கேட்டார். கைகட்டி நிற்பவர் கேட்கும் கேள்வியன்று அது.

எஸ்.ஆர். ரங்கநாதனின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. கணித ஆசிரியராக இருந்த அவர் 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். தனிமை தாளாமல் சில நாட்களிலேயே பழைய வேலைக்குத் திரும்ப விரும்பினார். லண்டன் சென்று நூலகவியல் படித்து வா, பிறகும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே நூலகங்கள் மக்களுக்குப் பணியாற்றும் விதத்தை நேரில் கண்டபின் அவர் மனம் மாறியது. 1931இல் 'நூலக விதிகள் ஐந்து' ஆங்கிலத்தில் வெளியானது. வேலையை அருகிருந்து அறியாமல் பிடிக்கும், பிடிக்காது என்று சொல்ல இயலாது என்பதற்கு நூலகத் தந்தையே சான்று.

2015இல் தேசியத் தொழிற்பணி இணையதளம் வந்தது. ஆய்வேடுகளைச் 'சோத்கங்கா'வில் வீட்டிலிருந்தே வாசிக்கலாம். ஆனாலும் வேலையற்றவனுக்குக் காலை பத்து மணிக்குத் தலைநிமிர்ந்து போய் அமர ஓரிடம் வேண்டும். அதை இணையம் தருவதில்லை. நம் பல்கலைக்கழகங்களின் வழக்கமோ வேறு. இறுதித் தேர்வு முடிந்ததும் நூலக அட்டையை ஒப்படைத்து 'நோ டியூஸ்' வாங்கினால்தான் சான்றிதழ் கைக்கு வரும். வேலை தேடத் தொடங்கும் அதே நாளில் கதவு சாத்தப்படுகிறது. எங்களுக்கும் அப்படியே நேர்ந்தது; பின்னர் ஆர்.எஸ்.புரத்து மாவட்ட மைய நூலகமே புகலிடமாயிற்று.

படிப்பை முடித்தவர்க்கு இரண்டு ஆண்டுகளேனும் அந்த அட்டையை விட்டுவைக்கலாம். இரவல் தர வேண்டாம். உள்ளே அமர்ந்து வாசிக்க விட்டால் போதும். சொல்லி வைக்க ஒரு மாமன் இல்லாத பிள்ளைகள் இன்றும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பஸ்ஸேறி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.