தொட்டிக்குக் கீழே ஒரு வாளி மணல்

தூத்துக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கடல்மீன் தொட்டிப் படங்களை அம்மாவுக்கும் காட்டினேன். சிங்கப்பூர் வீட்டுக் கூடத்தில் அது நிற்கும் இடம் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் நீ கேட்ட பவள மணலை என்னால் அனுப்ப முடியாது. நமக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. கல் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. சட்டமே இல்லாவிட்டாலும் நான் அள்ளித் தந்திருக்க மாட்டேன். சுண்ணாம்புக்காக இந்தக் கடலில் பவளத்தை வெட்டி ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கும் வான் தீவு கரைந்து சுருங்கியதற்கும் அதுவும் ஒரு காரணம்.

கரையோர மணலையும் மறந்துவிடு. நம் பக்கத்துக் கரையில் குவார்ட்ஸும் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களும் கலந்து கிடக்கும். உனக்கு வேண்டியது அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல். அது அங்கே கடையிலேயே பையில் கிடைக்கும். சர்க்கரை அளவுக்குப் பொடியான ரகமாகப் பார்த்து வாங்கு.

ஆழமாக மணல் போடு என்று ஒருவர் சொல்கிறார், மணலே போடாதே என்று இன்னொருவர் சொல்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். மணலுக்குள் நடப்பது தெரிந்தால் உனக்கே பதில் கிடைக்கும்.

மீன் கழிப்பதும், அது தின்னாமல் விட்ட தீனியும் முதலில் அம்மோனியாவாக மாறும். ஆக்சிஜன் உள்ள இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். சாதாரண ஃபில்டரின் வேலை அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. நைட்ரேட் தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டு போகும். நீயும் வாரந்தோறும் தண்ணீர் மாற்றியே அதைக் குறைக்க வேண்டியிருக்கும். பொடி மணலில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே போனால் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் சுவாசிக்க வேறு வழியில்லாமல் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. மிஞ்சுவது நைட்ரஜன் வாயு. நாம் மூச்சிழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். குமிழாகவோ கரைந்தோ அது தொட்டியை விட்டே போய்விடும். மின்சாரமும் மருந்தும் இல்லாமல் கழிவு வெளியேறுகிறது. கல்லூரியில் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை நடத்திய பாடம்தான், இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

இன்னும் கீழே நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் வேறு வகைப் பாக்டீரியா சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது, அவற்றுக்குப் பஞ்சமே வராது. அதிலிருந்து பிறப்பதுதான் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. கண்ணாடி ஓரம் மணலில் கருப்புத் திட்டுகள் தெரிந்தால் பயப்படாதே. அந்த சல்பைடு மேலே ஏறும்போது ஆக்சிஜன் உள்ள அடுக்கில் மாறிவிடும். ஆனால் கையை விட்டுக் கிளறினால் மொத்தமும் ஒரேயடியாகத் தண்ணீரில் கலக்கும். மீன் சாவது அப்போதுதான். நாள்பட்ட ஆழ மணலை ஒருபோதும் கிளறக் கூடாது.

பிரான்ஸில் நீஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான் ஜொபேர் 1980களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். தொட்டியின் அடியில் வலைத்தட்டு வைத்து, அதற்குக் கீழே தண்ணீர் தேங்க ஒரு வெற்றிடம் விட்டு, மேலே மணல் பரப்புவார். பின்னாளில் அமெரிக்காவில் ரொனால்ட் ஷிமெக் அந்த வெற்றிடமே தேவையில்லை என்றார். பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத பொடி மணலும் அதற்குள் நிறையப் புழுக்களும் சிற்றுயிர்களும் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. ராப் டூனனும் கிறிஸ்டோபர் வீயும் இரண்டு அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்றிடம் இருந்ததால் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. ஆகவே வலைத்தட்டுக்குக் காசு செலவழிக்காதே.

ஷிமெக் சிற்றுயிர்களை அத்தனை வற்புறுத்தியதில் நியாயம் இருக்கிறது. பாலிகீட் புழுக்கள், கோபிபாடுகள், நாசாரியஸ் நத்தைகள் எல்லாம் மணலுக்குள் ஊர்ந்து நுண்ணிய வழிகளைத் திறந்துகொண்டே இருக்கும். நைட்ரேட் கீழே போய்ச் சேர்வது அந்த வழிகளில்தான். நம் கடலில் இதே வேலையைக் கடல் அட்டை செய்கிறது. மணலைத் தின்று, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு, மணலைத் திரும்பப் போடும். மணல் சலிக்கும் நட்சத்திர மீன் என்று கடையில் ஒன்று விற்பார்கள், வாங்கிவிடாதே. அது சலிப்பது அந்தச் சிற்றுயிர்களைத் தின்பதற்காகத்தான். கொஞ்ச காலத்தில் மணல் வெறுமையாகிவிடும், பிறகு அதுவும் பட்டினியில் சாகும். பாப்பா கேட்கும் மணல் அள்ளும் உளுவை மீனும் அப்படித்தான். அத்தை வேண்டாம் என்றாள் என்று சொல், என்மேல் கோபப்படட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், உன் தொட்டிக்குள் ஆழ மணல் போடாதே என்றே சொல்வேன். காரணம் பாஸ்பேட். நைட்ரஜனுக்கு வாயுவாகி வெளியே போக வழி இருக்கிறது. பாஸ்பரசுக்கு அந்த வழி கிடையாது. நீ போடும் ஒவ்வொரு பிடி தீனியிலும் அது தொட்டிக்குள் வருகிறது, வந்தது அரகோனைட் மணியில் ஒட்டிக்கொள்கிறது. சில வருடங்கள் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். மணல் தாங்கும் அளவு தாண்டியதும் அது திரும்பத் தண்ணீருக்கு வரும். பாசி படரும், பவளம் நிறம் மங்கும், என்ன செய்தும் அடங்காது. அந்த நிலையில் மணலை எடுக்க வேண்டுமென்றால் பாறை, பவளம், மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது அடியில் இருக்கும் சல்பைடு வேறு. ஆழ மணலை நம்பி வளர்த்தவர்கள் பலரை அதன்மேல் வெறுப்படைய வைத்தது இந்தக் கட்டம்தான். முறையில் தவறில்லை, தொட்டிக்குள் அதை வைத்த இடமே தவறு என்பது என் எண்ணம்.

அதனால் ஆழ மணலைத் தொட்டிக்குக் கீழே தனி வாளியில் வை. ஆந்தனி கால்ஃபோ இதைப் பரப்பினார். 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் முக்கால் அளவு மணல், ஒரு பக்கம் தண்ணீர் நுழையவும் மறுபக்கம் வெளியேறவும் குழாய், வெளிச்சம் படாத மூடி. இவ்வளவுதான். தூசியும் கழிவும் மணல்மேல் படியாத அளவுக்குத் தண்ணீர் வேகமாக ஓட வேண்டும். வாளிக்கு முன் ஒரு ஃபில்டர் துணியும் வை. பாஸ்பேட் ஏறினால் வாளியை மட்டும் கழற்றி மணலை மாற்றலாம், தொட்டியில் யாருக்கும் தெரியாது. மேலே தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர் மணல் அழகுக்குப் போதும். நடுத்தரமாக ஐந்தாறு சென்டிமீட்டர் மட்டும் போட்டுவிடாதே, அது அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரேட்டையும் சரியாகக் கழிக்காது. எடையையும் யோசி. 90க்கு 45 சென்டிமீட்டர் தொட்டியில் பத்து சென்டிமீட்டர் மணல் என்றால் மணல் மட்டுமே சுமார் 60 கிலோ வரும்.

பம்ப் நெடுநேரம் நின்றுபோனால் வாளிக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மறுபடி ஓடவிடும் முன் அதிலுள்ள தண்ணீரைக் கீழே கொட்டிவிடு. இதை உன் மனைவியிடமும் சொல்லி வை, நீ ஊரில் இல்லாத நேரத்தில்தான் பம்ப் நிற்கும்.

வாளியை வைத்தவுடன் நைட்ரேட் இறங்காது, பாக்டீரியா பெருகச் சில மாதங்கள் பிடிக்கும். வாரம் ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வா. அளவு தொடர்ந்து இறங்குவதைப் பார்க்கும்வரை ஒரு பவளம்கூட வாங்காதே.

அன்புடன்,
உன் அக்கா