குண்டு பல்புக்கு ஒரு கேமரா

2010இல் என் கையில் 1,500 வெள்ளி இருந்தது. இரண்டு வருடம் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு. "அதுல ஒரு பழைய மோட்டாராச்சும் வாங்கலாம்லடா, போக வர ஆவும்" என்றார் அம்மா. நியாயமான பேச்சுதான். கேமரா யாரையும் எங்கேயும் ஏற்றிக்கொண்டு போகாது.

எனக்கு ஏன் கேமரா வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல, முதலில் தாத்தாவின் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு இருப்பது ஒரே ஒரு படம். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, ஸ்டூடியோக்காரர் கோட்டும் டையும் வரைந்து கொடுத்தது. வாழ்நாளில் தாத்தா கோட்டு போட்டதே இல்லை. பால் மரம் சீவினார், மரம் போன பிறகு செம்பனைக் குலை வெட்டினார். படத்தில் இருப்பவரோ யாருக்கும் கடன் கொடுக்காத பேங்க் மேனேஜர் மாதிரி முறைக்கிறார். தங்கை சின்ன வயதில் அவரை ஏதோ டாக்டர் என்றே நினைத்திருந்தாள். இதை வாசிக்கும் பலர் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு கோட்டுத் தாத்தா இருக்கக்கூடும்.

பாட்டி அப்போது பந்திங் பக்கத்தில் தோட்டத்து லயத்திலேயே இருந்தார். தோட்டம் கைமாறிவிட்டது. அந்த வருடக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. பாட்டியை அவருடைய குசினியில், விறகடுப்புக்குப் பக்கத்தில், அந்த ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் படம் பிடிக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை. மாமாவின் சின்ன கேமராவில் பிடித்துப் பார்த்தோம். ஃபிளாஷ் அடித்ததும் கரி பிடித்த சுவர் வெளிறிப்போய் ஆஸ்பத்திரிச் சுவராகிவிட்டது. கண் ஆப்பரேஷன் செய்திருந்த பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்த மின்னல மட்டும் அடிக்காத சாமி." ஃபிளாஷை அணைத்தால் படத்தில் பாட்டி ஆவி மாதிரி கலங்கித் தெரிந்தார்.

ஆக, என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஃபிளாஷ் இல்லாமல், 40 வாட் பல்பில், கையை ஆட்டி ஆட்டிப் பேசும் ஒரு கிழவியைத் தெளிவாகப் பிடிக்கக் கூடிய கேமரா 1,500 வெள்ளிக்குள் கிடைக்குமா? இந்தக் கேள்வியோடு பார்த்தபோது விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருந்த பாதி விஷயம் எனக்குத் தேவையில்லாமல் போய்விட்டது. மெகாபிக்சல் கணக்கு முதலில் கழன்றது. கேனனா நிக்கானா என்ற சண்டையும் அப்படியே. அது ரஜினியா கமலா மாதிரி, டீக்கடைக்கு நல்லது.

கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ஏறி, எல்ஆர்டி மாறி, புடு பிளாசாவுக்குப் போனேன். அங்கே அப்போது கேமராக் கடைகள் அதிகம், பழைய பொருளும் கிடைத்தது. ஒரு கடையில் சீனத் தவுக்கே, "அம்பில் காம்பார் அப்பா, போஸ்?" என்று கேட்டார். "ஓராங் துவா. டாலாம் டாப்பூர்" என்றேன். சிரித்துவிட்டு, புது நிக்கான் டி3000ஐக் கிட் லென்ஸோடு எடுத்து வைத்தார். 10 மெகாபிக்சல். லென்ஸில் கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதியும் உண்டு. விலை என் பட்ஜெட்டைத் தாண்டியது. அதைவிட முக்கியமாக, அந்த வசதி என் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். பாட்டியின் கை ஆடுவதை அது என்ன செய்யும்?

அதற்கு ஷட்டர் சீக்கிரம் மூட வேண்டும். சீக்கிரம் மூட, லென்ஸ் அகலமாகத் திறக்க வேண்டும். புது கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ், 35 மில்லிமீட்டரில் எஃப்4.5 அளவுக்குத்தான் திறக்கும். ஐஎஸ்ஓ 1600 வைத்தாலும் அந்தக் குசினியில் ஷட்டர் 1/10 நொடி கேட்டது. எஃப்1.8 வரை திறக்கும் லென்ஸ் ஏறக்குறைய ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/10 நொடி 1/60 ஆகும். ஆவி மனுஷியாகிவிடும். காசு லென்ஸுக்குப் போக வேண்டும், பாடி பழசாக இருந்தால் போதும் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஆனால் எந்த லென்ஸ்? மலிவானது கேனனின் 50 மில்லிமீட்டர் எஃப்1.8. முழுக்கப் பிளாஸ்டிக், 400 வெள்ளிக்கும் கீழே. மாணவர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்கினார்கள். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். நண்பனின் நிக்கான் டி60ஐ இரவல் வாங்கி, கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 45க்கும் 55க்கும் நடுவே வைத்து செலோடேப் ஒட்டினேன். குசினியில் நின்று பார்த்தால் பாட்டியின் முகம் மட்டும் தெரிகிறது, அடுப்பைக் காணோம். பின்னால் நகர்ந்தேன். முதுகு சுவரில் இடித்தது. அவ்வளவுதான் குசினி. டேப்பைப் பிரித்து 35இல் ஒட்டினேன். முகம், கை, அடுப்பு, மேலே தொங்கும் பல்பு எல்லாம் உள்ளே வந்தன. குறைந்த விலை டிஎஸ்எல்ஆர்களின் சென்சார் ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னது. அதனால் நிக்கானில் 50 போட்டால் 75 போலவும் கேனனில் 80 போலவும் காட்சி குறுகிவிடும். பெரிய ஹாலில் கல்யாணம் எடுப்பவருக்கு அது வசதி. லயத்து வீட்டுக்குச் சரிப்படாது.

35 மில்லிமீட்டர் எஃப்1.8 லென்ஸை நிக்கான் முந்தின வருடம்தான், 2009இல், விட்டிருந்தது. புதுசு 740 வெள்ளி சொன்னார் தவுக்கே. மிச்சக் காசுக்குப் பழைய டி40. 2006இல் வந்த மாடல், வெறும் 6 மெகாபிக்சல். அதன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. நிக்கானின் பழைய 50 எஃப்1.8டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். புது 35இல் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருந்ததால் எனக்குக் கவலையில்லை. பாடிக்கு 750 கேட்டார், 700க்கு இறங்கினார். அதற்குக் கீழே, "தா போலே லா, போஸ்."

பழைய பாடி வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. அதன் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்ற கணக்கை டி40 தான் எடுக்கும் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும். கடையிலேயே ஒரு படம் எடுத்து, நண்பனின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். 9,000 சொச்சம், குழந்தை மாதிரி. வெள்ளைச் சுவரை எஃப்22 வைத்துப் பிடித்தால் சென்சாரில் இருக்கும் தூசு கரும்புள்ளியாகத் தெரியும். இரண்டு புள்ளி இருந்தது, ஊதினதும் போய்விட்டது. பழைய லென்ஸ் வாங்குபவர் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிடும். ஈரம் உறிஞ்சும் அலமாரி வாங்க என்னிடம் காசில்லை. அம்மாவின் பலகார டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் போதுமானதாக இருந்தன. டப்பா போன கோபம்தான், மோட்டார் வாங்காத கோபத்தைவிட அம்மாவுக்கு நாள்பட நீடித்தது. மெமரி கார்டும் வாங்கிய பிறகு கையில் 25 வெள்ளி மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி பந்திங் போனேன். இருட்டில் ஃபோகஸ் செய்ய டி40 முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிய விடும். "மறுபடி மின்னலா?" என்றார் பாட்டி. அதையும் அணைத்தேன். விளக்கு இல்லாமல் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து தடுமாறியது. அந்தக் கேமராவில் ஃபோகஸ் புள்ளி மூன்றே மூன்றுதான். நடுப்புள்ளியைப் பாட்டியின் மூக்குத்தியில் வைத்தேன். கல் மின்னியது, டக்கென்று பிடித்துக்கொண்டது. படம் மஞ்சளாகத்தான் வந்தது, வெள்ளையாக்கத் தோன்றவில்லை. காது லேசாகக் கலங்கியிருந்தது, இருட்டில் புள்ளி புள்ளியாக இருந்தது. கண்ணும் மூக்குத்தியும் தெளிவு. ஊதாங்குழல் பிடித்த கையும் தெளிவு.

கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். பாட்டி கிட்டத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏன்டா, அடுப்பு மேட்டுல இம்புட்டு கரியா இருக்கு? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க. இரு, தொடச்சிட்டு வரேன். மறுபடி புடி."

துணியை நனைத்துத் துடைத்தார். புடவையும் மாற்றிக்கொண்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். வருடக் கடைசியில் குடிபோன புது வீட்டில் கோட்டுத் தாத்தாவுக்குப் பக்கத்தில் அந்தப் படத்தைத்தான் மாட்டச் சொன்னார், மாட்டினோம். கரியோடு இருக்கிற படம் என்னிடம் இருக்கிறது.