மேட்டூர்: அணைக்கரை ஊரில் டாக்டர் கனவு... படிப்புக்கும் விளையாட்டுக்கும் நடுவே பிள்ளைகள்!

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி தாண்டிப் போனால், ஊர் வருவதற்கு முன்பே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்துவிடும். அதையும் கடந்தால் மலைகளுக்கு நடுவே மேட்டூர் அணை. 1934-ல் திறக்கப்பட்டு, அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பெயரைச் சுமக்கும் நீர்த்தேக்கம். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஞாயிற்றுக்கிழமை என்றால் அணைப் பூங்காவில் கூட்டம், அணைக்கட்டு முனியப்பன் கோயிலில் பொங்கலும் கறிச்சோறும், வழியெல்லாம் மீன் வறுவல் வாசனை.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிவது இந்த மேட்டூர்தான். சேலம் கேம்ப், ராமன் நகர், கருமலைக்கூடல், கொளத்தூர் என்று குடியிருப்புகளுக்குள் போனால் இன்னொரு மேட்டூர் இருக்கிறது. ப்ளஸ் டூ சயின்ஸ் குரூப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளின் மேட்டூர். அங்கே ஞாயிறு என்பது விடுமுறை இல்லை, மாடல் டெஸ்ட் எழுதும் நாள். ஆலையில் ஷிப்ட் பார்க்கும் அப்பா, தறி ஓட்டும் அம்மா, அணையில் வலை வீசும் தாத்தா என எல்லாருடைய ஆசையும் ஒன்றுதான். நம் வீட்டிலும் ஒரு டாக்டர்!

ஒரே வருடம், இரண்டு தேர்வு

2016 வரை தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். 2017-லிருந்து நீட். பள்ளிப் பாடம் போய்விடவில்லை, அதற்கு மேல் இன்னொரு தேர்வு வந்து உட்கார்ந்துவிட்டது. மார்ச்சில் பொதுத்தேர்வு. மூச்சு விடுவதற்குள் மே முதல் வாரத்தில் நீட்.

இரண்டுக்கும் படிக்கும் முறையே வேறு. பொதுத்தேர்வில் படம் வரைந்து, பக்கம் பக்கமாக எழுத வேண்டும். நீட்டில் 180 நிமிடங்களில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 மதிப்பெண் போய்விடும். மொத்தம் 720-ல் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு மட்டும். காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் ரெக்கார்டு நோட்டு, அதற்குப் பிறகு நீட் கேள்விகள் என்று ஓடும் பிள்ளைக்கு முதலில் பறிபோவது தூக்கம். அடுத்து கபடி, வாலிபால், என்.சி.சி., பாட்டு, நடனம் எல்லாம்.

முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன பக்கத்து மாவட்டமான நாமக்கல், விடுதிப் பள்ளிகளுக்கும் பேர்போனது. வசதி இருப்பவர்கள் அங்கே சேர்க்கிறார்கள். வசதி இல்லாதவர்கள் அரசுப் பள்ளிப் பயிற்சியையும் செல்போனையும் நம்புகிறார்கள். முதல் முறை கிடைக்காதவர்கள் 'ரிப்பீட்டர்' ஆகிறார்கள். பள்ளி இல்லை, கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போயாயிற்று, மைதானத்துக்குப் போனால் 'என்ன ஆச்சு?' என்ற கேள்வி. சுமை அதிகமாக ஏறுவது இந்த வருடத்தில்தான்.

அந்த செப்டம்பர்

கொரோனாவால் தள்ளிப்போன நீட், 2021 செப்டம்பர் 12-ம் தேதி நடந்தது. அன்று தேர்வு எழுத வேண்டிய மேட்டூர் பகுதி மாணவர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏற்கெனவே இரண்டு முறை எழுதியவர். மறுநாளே சட்டமன்றத்தில் நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. விலக்கு மட்டும் வரவில்லை. நீட் எழுதியவர்களுக்கு 104 தொலைபேசி சேவை மூலம் மனநல ஆலோசனையை அரசு தொடங்கியதும் அந்த மாதத்தில்தான்.

அதற்கு முந்தைய வருடம், 2020-ல், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. முதல் வருடமே 300-க்கும் அதிகமான எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்குப் போயின. கட்டணத்தை அரசே கட்டுகிறது. மேட்டூர் சுற்றுவட்டார கிராமங்களில் கனவு உயிரோடு இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ப்ளஸ் டூ மார்க்கைக் கைவிட வேண்டாம்

நீட் வந்த பிறகு, 'பள்ளித் தேர்வில் பாஸ் ஆனால் போதும்' என்ற பேச்சு பரவியிருக்கிறது. இது ஆபத்தான யோசனை. நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் நிரப்பப்படுகின்றன. நர்சிங், பார்மசி, துணை மருத்துவப் படிப்புகள் பலவற்றுக்கும் அந்த மார்க்தான் வழி. நீட்டில் ஒரு கதவு மூடினாலும், மருத்துவத் துறையின் மற்ற கதவுகள் ப்ளஸ் டூ மார்க்குக்குத் திறக்கும். இரண்டுக்கும் பொதுவான உயிரியலை முதலில் பலமாக்கிக்கொண்டால், பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

விளையாட்டு எதற்கு?

விளையாட்டு வீரர்களுக்கென எம்.பி.பி.எஸ். இடங்கள் உண்டு. ஆனால் மிகச் சொற்பம். அதற்காக விளையாடச் சொல்லவில்லை.

மேட்டூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அணைக்கு நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று தினமும் பேப்பரில் பார்ப்பவர்கள் அவர்கள். 120 அடியைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் வருகிற தண்ணீரைப் பதினாறு கண் மதகு வழியாகத் திறந்துவிட்டே ஆக வேண்டும். அணை பலமாக இருப்பதே அப்படித் திறந்துவிட வழி இருப்பதால்தான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மாலையில் முக்கால் மணி நேரம் பந்து விளையாடுவதும், அணைக்கரையில் நண்பர்களோடு நடப்பதும் அந்த மதகு மாதிரி. டைம் டேபிள் போடும்போது கடைசியில் மிச்சமிருக்கும் நேரமாக இல்லாமல், முதலிலேயே அதற்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். ஏழு மணி நேரத் தூக்கத்துக்கும்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு, 'மாடல் டெஸ்ட்ல எத்தனை மார்க் கண்ணு?' என்று கேட்பதற்கு முன்னால், 'சாப்டியா?' என்று கேளுங்கள். பிள்ளை வழக்கத்துக்கு மாறாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ, தூக்கம் இல்லாமல் தவித்தாலோ 104-க்கோ, கட்டணமில்லா டெலிமானஸ் எண்ணான 14416-க்கோ தயங்காமல் பேசுங்கள். பிள்ளைகளே நேரடியாகவும் அழைக்கலாம்.