கைக்கு எட்டாத இடத்துப் பரு

முதுகில் பரு என்று வருகிறவர்கள் பலர் சட்டைக் காலரைச் சற்று இறக்கிக் காட்டிவிட்டு மருந்துச் சீட்டுக்குக் காத்திருப்பார்கள். நான் விடுவதில்லை. சட்டையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொல்வேன். பெண்கள் என்றால் திரைக்குப் பின்னால், செவிலியர் உடனிருக்க. பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒருமுறை கண்ணால் பார்ப்பேன், ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பேன். தோல் மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. எத்தனை மருந்துக்கும் அடங்காத முதுகுப் பரு சில நேரம் பருவாகவே இருப்பதில்லை. அது தெரியவருவது இந்தச் சில நிமிடங்களில்தான்.

உண்மையான பரு கலவையாக இருக்கும். கரும்புள்ளி, சிவந்த குரு, சீழ்க்கட்டி, ஆறிய தழும்பு எல்லாம் ஒரே முதுகில் கிடக்கும். அப்படியில்லாமல், எல்லாம் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் படர்ந்திருந்தால் உடனே கேட்பேன்: "அரிக்குதா தம்பி?" "வேர்த்தா போதும் டாக்டர், சொறிஞ்சுக்கிட்டே இருப்பேன்" என்றால் என் சந்தேகம் மலாசீசியா மேல் விழும். எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஈஸ்ட் அது. புழுக்கமும் வியர்வையும் உள்ள ஊர்களில் முடி முளைக்கும் குழிக்குள் பெருகிவிடும். பரு என்று நினைத்து மாதக்கணக்கில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் போட்டிக்கு இருந்த பாக்டீரியா குறைந்து இது இன்னும் செழிக்கும். ஒரு குருவைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பிறகு கீட்டோகோனசோல் ஷாம்பு, தேவைப்பட்டால் பூஞ்சைக்கான மாத்திரை.

இன்னொரு வகை என்னைக் கோபப்படுத்துவது. முந்தாநாள் வரை சுத்தமாக இருந்த முதுகில் திடீரென்று ஒரே மாதிரிக் குருக்கள் மொத்தமாகக் கிளம்பியிருக்கும். உள்ளே போன மருந்துகளைத் தோண்டிக் கேட்க வேண்டும்: ஸ்டீராய்டு மாத்திரை, ஜிம்மில் யாரோ போட்டுவிட்ட ஊசி, காசநோய்க்கான ஐசோநியாசிட். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும், ஸ்டீராய்டு கலந்த படை க்ரீமைப் பருவுக்குத் தடவுகிறவர்களும் உண்டு. முதல் வாரம் சிவப்பு அடங்கும். நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும். அந்த ட்யூபை வாங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன்.

இவை எதுவும் இல்லை, பருவேதான் என்றால் அடுத்த கேள்வி உரசல். அழுத்தமும் உரசலும் பருவைக் கிளறிவிடும் என்பதை மில்ஸும் கிளிக்மனும் 1975இல் விவரித்து எழுதினார்கள். அவர்கள் கண்டது ஹெல்மெட்டும் தோள்பட்டைக் கவசமும் அணியும் விளையாட்டு வீரர்களிடம். இங்கே நான் காண்பது லேப்டாப் பை, வியர்வை உறிஞ்சாத பாலியஸ்டர் சீருடை, பீர்க்கங்காய் நார். அழுக்கு போனால் பரு போகும் என்று நாரால் தேய்த்து ரணமாக்கிக்கொண்ட முதுகுகளைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. பருவுக்குக் காரணம் அழுக்கு இல்லை. எண்ணெய்ச் சுரப்பி, அடைபட்ட துளை, அதற்குள் பெருகும் பாக்டீரியா, அதனால் எழும் அழற்சி, இவ்வளவுதான்.

"உடம்புச் சூடு டாக்டர், எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கவே மாட்டேங்கிறான்" என்பார் கூட வந்த அம்மா. எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. தலையைக் குனிந்து அலசட்டும், முதுகுக்குக் கடைசியில் சோப்பு போடட்டும், எண்ணெய் முதுகில் தங்காமல் இருந்தால் போதும் அம்மா என்பேன்.

மருந்தில் நான் முதலில் நம்புவது பென்சாயில் பெராக்சைடு வாஷ். பூசிவிட்டு ஐந்து நிமிடமாவது விட்டுக் கழுவ வேண்டும். துணியை வெளுக்கடிக்கும், வெள்ளைத் துண்டு, வெள்ளை பனியன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சீட்டு எழுதும் முன் கேட்பேன்: "யார் தடவி விடுவாங்க?" ஹாஸ்டல் பையனுக்கு க்ரீம் எழுதிக் கொடுத்துப் பயனில்லை, அவன் கை எட்டும் இடத்தில் பரு இல்லை. நீளக் கைப்பிடியில் மெத்தென்ற பஞ்சு வைத்த பூச்சுக் கருவி வாங்கச் சொல்வேன், இல்லையென்றால் மாத்திரைக்குப் போவேன். கண்ணில் படுவதற்குப் பல வாரம் முன்பே துளை அடைபடத் தொடங்கிவிடுகிறது. அதனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் மூன்றாவது வாரம் வேறு டாக்டரைத் தேடிப் போய்விடுவார்கள்.

ஆழமான கட்டிகளுக்கு ஐசோட்ரெட்டினாயின். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்துக்கு இணையாக இன்னொன்றை நான் கண்டதில்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளையை ஊனப்படுத்தக்கூடியது. சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய ஒரு மாதத்துக்கும் கர்ப்பம் கூடவே கூடாது. கணவரையும் உட்காரவைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மேல்முதுகும் தோளும் தழும்பு தடித்து வளர்கிற இடங்கள். ஒருமுறை அப்படித் தடித்துக் கீலாய்டு ஆகிவிட்டால் தழும்புக்குள்ளேயே ட்ரையாம்சினோலோன் ஊசி போட்டு, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, மெல்லமெல்லத்தான் இறக்க வேண்டும். ஆகவே கட்டிகளோடு வருகிறவர்களின் காது மடலையும் பார்த்துவிடுகிறேன். காது குத்திய இடம் தடித்திருந்தால் அவர்களிடம் வாஷ் போட்டுப் பார்க்கலாம், மூன்று மாதம் பொறுக்கலாம் என்ற பேச்சே இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றே ஐசோட்ரெட்டினாயினைத் தொடங்கிவிடுகிறேன்.